புதுப்பிப்பு: கோத்தகிரி வீட்டுப் பாதைக் கற்கள், இரண்டாம் சுற்று

கேட்டிலிருந்து கேரட் பாத்தி வரை போட, பழைய பிளாஸ்டிக் பேசினில் நானே சிமென்ட் கல் வார்த்தேன், பன்னிரண்டில் ஐந்து விரிசல் விட்டுவிட்டது, ஏன் என்று டிசம்பரில் கேட்டிருந்தேன். பலர் சொன்னதுதான் சரி. ஒரு அங்குல கனம் போதாது. அதைவிடப் பெரிய தப்பு, மூன்றாம் நாளே கழற்றியது. குளிரில் சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும். உறைபனிக் காலத்தில் சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது.

ஏப்ரலில் மறுபடி வார்த்தேன். ஒரு பங்கு சிமென்ட், இரண்டு மணல், மூன்று பொடி ஜல்லி. தண்ணீரைக் குறைத்து, கெட்டியாகப் பிசைந்தேன். இரண்டு அங்குல கனம், நடுவில் கோழி வலை. பேசினுக்குள் பழைய சமையல் எண்ணெய் தடவியதால் கல் அலுங்காமல் கழன்றது. அப்புறம் பத்து நாள் ஈரச் சாக்கு. மேலே ஹைட்ரேஞ்சியா இலை பதித்தது இரண்டில்தான் நரம்பு தெரிய அழகாக வந்தது. மற்றதில் அவசரப்பட்டு இலையை உரித்துக் கெடுத்தேன். அவற்றை விளக்குமாற்றால் கீறிவிட்டேன், மழையில் வழுக்காமல் இருக்க அதுவே மேல்.

மண்ணைத் தோண்டி, கிரஷர் தூள் (கல் உடைக்கும் ஆலையின் கல்தூள்) பரப்பி, அம்மாவின் நடைக்கு அளந்து பதித்தேன். என் எட்டுக்குப் போட்டால் அவர் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும்.

போன வாரம் ராத்திரி காட்டெருமை ஒன்று பாதையிலேயே நடந்து போயிருக்கிறது. ஒரு கல் சாய்ந்தது, எதுவும் உடையவில்லை. கேரட்தான் போச்சு.