விகாரைச் சுவடிகள்: எண்ணெயும் மையும் படமெடுக்கும் முன்னா, பின்னா?

ஏட்டுக்கட்டு:
வணக்கம். இலங்கையில் ஒரு விகாரை நூலகத்தின் பாளிச் சுவடிகளை மின்னாக்கம் செய்யவிருக்கிறோம். சிங்கள எழுத்து, தாளிப்பனை ஏடு. நீளம் 60 செ.மீ., அகலம் 6 செ.மீ. சில கட்டுகளில் மை போய் எழுத்தாணிக் கீறல் மட்டும் தெரிகிறது. சில ஏடுகள் ஒட்டிக்கொண்டுள்ளன. 24 மெகாபிக்சல் கமெராவும் இரண்டு எல்.இ.டி. விளக்குகளும் உண்டு. எண்ணெய் பூசி மையேற்றிய பிறகு எடுப்பதா, இருக்கும் நிலையிலேயே எடுப்பதா?

சுவடிக்காப்பு:
இருக்கும் நிலையிலேயே எடுங்கள். மை கீறலில் மட்டும் நிற்பதில்லை. வெடிப்பிலும் பூச்சி அரித்த தடத்திலும் இறங்கிவிடும். பிறகு எது எழுத்து, எது அரிப்பு என்று பிரிக்க முடியாது. எண்ணெய் பூசிய ஏடு பளபளக்கும், தூசியையும் பிடித்துக்கொள்ளும்.

முதல் வேலை பூச்சி. கட்டைத் தட்டினால் வெளிறிய புதுத்தூள் உதிர்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் அந்தக் கட்டை ஆக்சிஜன் புகாத அலுமினியப் படல உறையில், ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலங்களோடு மூடி, ஆக்சிஜன் அளவு 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க 3 வாரம் வையுங்கள். சாதாரண பாலித்தீன் பை காற்றை உள்ளே விடும், பயனில்லை. நாப்தலீன் உருண்டை ஏட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாது.

தூசிக்கு மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகை போதும். எத்தனால் தொட்டுத் துடைக்கவே வேண்டாம்: மையைப் பிடித்திருக்கும் குங்கிலியப் பிசின் இளகி, மிச்சக் கரியும் வந்துவிடும். ஒட்டிய ஏடுகளைக் கத்தியால் நெம்பாதீர்கள். மூடிய பெட்டியில் ஈரப்பதம் 80 விழுக்காட்டில் சில மணிநேரம் வைத்து, மெல்லிய பாலியெஸ்டர் தாளை ஓரத்திலிருந்து நுழைத்துப் பாருங்கள். இரவு முழுக்க விட்டால் பூஞ்சை வரும். அசையாவிட்டால் அப்படியே விட்டு, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

ஒளிச்சட்டம்:
60 செ.மீ. ஏட்டை ஒரே படமாக எடுத்தால், 6000 பிக்சல் அகலத்தில் அங்குலத்துக்கு 254 தான் கிடைக்கும். மயிரிழைக் கீறலுக்கு அது போதாது. 38 செ.மீ. சட்டமாக இரண்டு படம் எடுங்கள்: அங்குலத்துக்கு 400. இரு முனையிலும் 2 செ.மீ. இடம் விட்டாலும் நடுவில் 12 செ.மீ. மேற்பொருந்தும், இணைக்க அது தாராளம். துளை எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, அளவுகோலும் வண்ண அட்டையும் சட்டத்துக்குள்.

மை உள்ள ஏட்டுக்கு விளக்குகள் 45 பாகையில். பளபளப்பு இருந்தால் விளக்கிலும் லென்சிலும் துருவமுனைப்புத் தாள். மை போன ஏட்டுக்கு அந்தத் தாளை எடுத்துவிடுங்கள், கீறலைக் காட்டும் மினுக்கமே அழிந்துவிடும். ஒரே விளக்கு, ஏட்டின் பரப்பிலிருந்து 15 பாகையில் சாய்வாக, அதுவும் ஏட்டின் குறுகிய முனையிலிருந்து. நீண்ட பக்கத்திலிருந்து அடித்தால் ஓலையின் நரம்பு ஒவ்வொன்றும் நிழல் விழுந்து எழுத்தை மறைக்கும். சிங்கள எழுத்து வட்டமானது என்பதால் இப்படி ஒரே திசையில் விழும் ஒளியில் இழப்பது குறைவு. வளைந்த ஏட்டைக் கண்ணாடியால் அழுத்தவே கூடாது, நாரோடு பிளந்துவிடும்.

பாளிவாசகன்:
இடது ஓரத்து ஏட்டெண்ணைக் கவனியுங்கள். க, கா, கி, கீ என்று ஒரு மெய்க்கு 16 வீதம் ஓடும். ஓரம்தான் முதலில் உடையும். குலைந்த வரிசையைக் கையால் சரிசெய்யாமல், கட்டில் இருந்தபடியே எடுத்து, ஏட்டெண்ணைத் தனிப் பத்தியில் பதியுங்கள். கட்டின் மேலும் கீழும் உள்ள சட்டப் பலகை, கயிறு, சுற்றிய துணி ஆகியவற்றையும் படமெடுங்கள்.

இவை வழிபாட்டுக்குரியவை. கட்டை அவிழ்க்கும் முன் விகாராதிபதியிடம் (தலைமைப் பிக்குவிடம்) கேளுங்கள். தரையில் வைக்காதீர்கள், எச்சில் தொட்டு ஏடு புரட்டாதீர்கள். எந்தப் படங்களை இணையத்தில் இடலாம் என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏட்டுக்கட்டு:
மிக்க நன்றி. அப்படியானால் மையாடலே வேண்டாமா?

சுவடிக்காப்பு:
சாய்வொளியில் படிக்க முடிந்தால் வேண்டாம். முடியாத ஏட்டுக்கு மட்டும், முதல் படம் சேமித்துச் சரிபார்த்த பிறகு, குங்கிலிய எண்ணெயில் குழைத்த கரியை ஏற்றி மீண்டும் எடுங்கள். மிச்ச மையைத் துடைக்க மாவு தூவும் பழைய வழக்கம் உண்டு. கீறலில் தங்கும் மாவு பூச்சிக்கு இரை. பஞ்சு உதிராத பருத்தித் துணியே போதும். இரு படத்தொகுதிகளையும் சுருக்காத டிஃப் கோப்பாக, கோப்பு மாறவில்லை என்று காட்டும் எஸ்.எச்.ஏ-256 சரிபார்ப்பெண்ணோடு மூன்று பிரதிகளாக வையுங்கள், ஒன்று வேறு ஊரில்.