பதில்: 'அகச்சிவப்பு வடிகட்டி' எதை வடிக்கிறது?

அன்பர்களுக்கு வணக்கம்.

கேமராவில் பயன்படும் 'இன்ஃப்ராரெட் ஃபில்டர்' (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கானது) என்பதைத் தமிழில் 'அகச்சிவப்பு வடிகட்டி' என்றே முடித்துவிடலாம் எனப் பலரும் நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயரை நம்பிக் காசு இழந்தவன் நான்.

அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தால் பச்சை இலை வெள்ளையாகத் தெரியும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை அப்படி வெள்ளை ஓலைகளோடு படமெடுக்க ஆசைப்பட்டு, இணையக் கடையொன்றில் அதே பெயருள்ள பொருளை வாங்கினேன். வந்தது ஜன்னல் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. படமும் வழக்கம்போலப் பச்சை. அது அகச்சிவப்பைத் தடுப்பது. நான் கேட்டதோ அதை மட்டும் விடுவது. தடுப்பது ஏற்கனவே கேமராவுக்குள், ஒளியைப் பதிவு செய்யும் உணரியின் முன்னால் இருக்கிறது. அதனால்தான் விடுவதை லென்ஸில் மாட்டினால் என் கேமராவில் உச்சி வெயிலிலும் ஒரு படம் பதிய 20 விநாடி ஆகிறது. ஒன்று விடுவதை மற்றொன்று மறிக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரா?

'வடிகட்டி' என்ற சொல்லே இரண்டு பக்கமும் பேசும். தேநீர் வடிகட்டியில் தேநீர் இறங்கிவிடும். தூசி வடிகட்டியில் தூசி தங்கிவிடும். அப்பா ரப்பர் பாலை வடிகட்டும்போது பட்டைத் துணுக்கும் உறைந்த கட்டியும் வலையில் நிற்கும். எது வேண்டியது என்று யாரும் கேட்டதில்லை. கண்ணுக்கே தெரியாத ஒளியில் அதை யார் சொல்வது?

'காணொளித் தடுப்பான்' என்றும் ஒரு பரிந்துரை வந்தது. கண்ணால் காணும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடுவது என்ற பொருளில் சரிதான். வீடியோவைத் தடுக்கும் கருவியா என்று என் மகள் கேட்டாள்.

என் பரிந்துரை: உள்ளே இருப்பது அகச்சிவப்புத் தடுப்பி, வெளியே மாட்டுவது அகச்சிவப்புக் கடவி. கடவுதல் என்றால் செலுத்துதல், பழைய சொல்தான். 'கடத்தி' வேண்டாம். அதை மின்சாரம் எடுத்துக்கொண்டுவிட்டது. சுங்கத் துறைக்கும் சந்தேகம் வரும்.

கூடவே, எந்த அலைநீளத்துக்கு மேலுள்ள ஒளியை விடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 720 நானோமீட்டர் கடவி கண்ணுக்கு ஏறக்குறையக் கறுப்பு. முக்காலியில் கேமராவை நிறுத்திக் காட்சியை அமைத்த பிறகுதான் மாட்ட முடியும். நேற்று எடுத்த படத்தில் வானம் இருண்டு, ஓலைகள் வெளுத்துக் கிடக்கின்றன. பச்சையம் அந்த ஒளியை விழுங்குவதில்லை. இலையின் உள்ளறைகள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. காற்றில் ஆடிய நுனிகள் மட்டும் புகையாகக் கலைந்துவிட்டன.

590 நானோமீட்டர் கடவிதான் இடிக்கிறது. அது ஆரஞ்சையும் சிவப்பையும் சேர்த்தே விடுகிறது. அதைச் 'செங்கடவி' எனத் தனியே பிரிக்கலாமா?