செக்கு எண்ணெய்க் கடையின் இணையதளம்: கூகுளில் எந்தச் சொல்லுக்கு வர வேண்டும்?

செக்குமேடு:
வணக்கம். காங்கயம் பக்கம் நானும் வீட்டுக்காரரும் மரச்செக்கு வைத்திருக்கிறோம். தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறோம். இணையதளம் போட்டு எட்டு மாதமாகிறது. செய்து கொடுத்தவர் மெட்டா கீவேர்டு என்று, கூகுளுக்கான தேடல் சொற்களாக, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி நாற்பது சொற்களைப் பக்கத்துக்குள் எழுதி வைத்தார்: ஆயில், பெஸ்ட் ஆயில், ஆர்கானிக் ஆயில், ஹெல்தி ஆயில் என்று போகிறது அந்தப் பட்டியல். தளம் வழியாக இதுவரை வந்த ஆர்டர் நான்குதான். இப்போது மாதாமாதம் பணம் கட்டினால் ‘ஆயில்’ என்ற சொல்லுக்கே முதல் பக்கத்தில் கொண்டுவருகிறேன் என்கிறார். கட்டலாமா? இல்லை, சொற்களை நாங்களே தேர்ந்தெடுக்க முடியுமா? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தறிநாடா:
கட்டாதீங்க அக்கா. மெட்டா கீவேர்டைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுளே 2009இல் சொல்லிவிட்டது. அதில் நாற்பது சொல் இருந்தாலும் நானூறு இருந்தாலும் ஒன்றுதான். அப்புறம், ‘ஆயில்’ என்று தேடுகிறவருக்கு வேண்டியது வண்டிக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலா, தலைக்குத் தேய்ப்பதா, கச்சா எண்ணெய் விலையா? அந்தக் கூட்டத்தில் உங்களிடம் ஒரு லிட்டர் வாங்க வருகிறவர் எத்தனை பேர்?

ஒரு வேலை செய்யுங்கள். கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். போன் பண்ணுகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்களோ அதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுங்கள், நல்ல தமிழாக மாற்ற வேண்டாம். தளத்தைக் கூகுள் சர்ச் கன்சோலில் இணைத்து, எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியலையும் பாருங்கள். இலவசம்தான்.

உப்புக்காற்று:
கூடவே ஒன்று. கூகுள் மேப்பில் கடைப் பெயரோடு ‘பெஸ்ட் மரச்செக்கு ஆயில் காங்கயம்’ என்று ஒட்டச் சொன்னால் ஒட்டாதீர்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் பக்கத்தையே முடக்கிவிடலாம்.

செக்குமேடு:
பன்னிரண்டு நாள் எழுதினேன். அதிகம் வந்தது இதுதான்: “கொப்பரை கொண்டு வந்தா ஆட்டித் தருவீங்களா, கூலி என்னங்க?” அப்புறம், “கொப்பரைக்குக் கந்தகம் போடுவீங்களா?”, “நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டுத்தானே ஆட்டறீங்க?” ஒரு அம்மா, “உங்க கடலெண்ணெயில வடை போட்டா சட்டிக்கு மேல நுரைச்சு வருது, கலப்படமா?” என்று கோபமாகவே கேட்டார். பெங்களூரிலிருந்து பேசியவர் ஜிஞ்சலி ஆயில் என்றார், மும்பைக்காரர் தில் ஆயில் என்றார். ஆர்கானிக் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதில் ஒன்றுமே எங்கள் தளத்தில் இல்லை. பார்த்ததும் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

தறிநாடா:
கஷ்டப்படாதீங்க, உங்கள் கீவேர்டு மொத்தமும் அந்த நோட்டில் இருக்கிறது.

முதலில் ஆட்டுக்கூலிப் பக்கம். தலைப்பிலேயே ‘காங்கயத்தில் கொப்பரை, கடலை, எள் ஆட்டித் தரப்படும்’ என்று வரட்டும். குறைந்தது எத்தனை கிலோ, எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும், எத்தனை மணிக்கு வரலாம், எல்லாம் அதில் எழுதுங்கள். ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரில் இந்தச் சொல்லைப் போட்டால் எண்ணிக்கை எதுவும் காட்டாமல் போகலாம். அதைப் பார்த்து விட்டுவிடாதீங்க. மாதம் பத்துப் பேர் தேடினாலும் அந்தப் பத்துப் பேரும் மூட்டையோடு வருகிறவர்கள்.

நல்லெண்ணெய்க்கு ஒரே பக்கம் போதும். நல்லெண்ணெய், ஜிஞ்சலி, செசமி, தில் என்று தனித்தனிப் பக்கம் போட்டால் உங்கள் பக்கங்களே ஒன்றுக்கொன்று போட்டியாகும். தென்னிந்தியாவில் ஆங்கிலத்தில் தேடுகிறவர் ஜிஞ்சலி என்பார், வெளியே செசமி என்பார்கள். அந்தச் சொற்கள் பேச்சுவாக்கில் அதே பக்கத்துக்குள் வரட்டும். எது அதிகம் புழங்குகிறது என்பதைக் கூகுள் டிரெண்ட்ஸில் மாநிலவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நுரைக்கு நீங்களே பதில் எழுதுங்கள். சுத்திகரிக்காத எண்ணெயில் பிசின் மாதிரிப் பொருளும் கொஞ்சம் ஈரமும் தங்கும், அதனால் நுரைக்கும். நுரை அடங்கச் சூடான எண்ணெயில் சின்னப் புளி உருண்டையைப் போட்டு எடுப்பார்களே, அதையும் சேருங்கள். கோபமாகக் கேட்ட அந்த அம்மாவுக்கே சொல்வது போல இருக்கட்டும்.

‘கொலஸ்ட்ரால் குறைக்கும் எண்ணெய்’ என்ற தேடலுக்குக் கூட்டம் உண்டு. அதன் பின்னால் மட்டும் போக வேண்டாம். வைத்தியம் பார்ப்பது நம் வேலை இல்லை.

செக்குமேடு:
இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். மெட்டா பட்டியலை எடுத்துவிட்டோம், பணமும் கட்டவில்லை. ஆட்டுக்கூலிப் பக்கம் போட்ட ஐந்தாவது வாரத்திலிருந்து வெள்ளகோவில், தாராபுரம் பக்கமிருந்து போன் வருகிறது. நேற்று ஒருவர் மூன்று மூட்டைக் கொப்பரையை இறக்கிவிட்டு, “கூகுள்ல கூலி போட்டிருந்தீங்களே, அந்தக் கடைதானுங்களே?” என்று கேட்டார். நுரைப் பக்கத்துக்கும் ஆள் வருகிறது. நல்லெண்ணெய்ப் பக்கம் இன்னும் அசையவில்லை.

சர்ச் கன்சோலில் புதிதாக ஒரு தேடல் தெரிகிறது: ‘தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை வராமல் இருக்க’. இதற்குத் தனிப் பக்கம் போடலாமா, கந்தகம் இல்லாத கொப்பரைப் பக்கத்திலேயே சேர்க்கலாமா?

தறிநாடா:
தனியாகவே போடுங்க அக்கா. கந்தகம் பற்றிக் கேட்பவர் வாங்கப் போகிறவர், வாடை பற்றிக் கேட்பவர் வாங்கி வீட்டில் வைத்திருப்பவர். களத்தில் கொப்பரை காயும்போது ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

செக்குமேடு:
சரிங்க. நாளைக்கு வெயில் வந்ததும் எடுத்துவிடுகிறேன்.