வி.ஏ.ஓ. வேலையும் அழைப்புதானா, சபையிலிருந்து நழுவ ஒரு சாக்கா?

கருமேனி:
எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பாடகர் குழுவிலும் உண்டு. பிழைப்புக்குக் கிராம நிர்வாக அலுவலர் வேலை. போன மாதம் ஓய்வுநாள் பள்ளியை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு மத்தியானம் நான் வேலை பார்க்கும் ஊரில் நூலகத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, வாரிசுச் சான்று, இப்படி.

இது எதற்கு என்பவர்களுக்காக: ஆதாரில் ஒரு வயது, குடும்ப அட்டையில் இன்னொரு வயது என்று வருகிறவர்கள் ஏராளம். அதைச் சரிபண்ணாமல் இ-சேவை மையத்தில் பதிந்தால் மனு தள்ளுபடி. தள்ளுபடியான மறுநாளே ஒரு புரோக்கர் அந்தக் கிழவியைப் பிடித்துக்கொள்வான். ஆபீஸ் நேரத்தில் ஒவ்வொருவரிடமும் நிதானமாக உட்கார முடியாது. ஞாயிறு மத்தியானம் முடிகிறது.

கமிட்டியில் ஒரு பெரியவர், "உலக வேலையைக் காட்டி கர்த்தருடைய வேலையை விடாதே தம்பி" என்றார். என்னைப் பொறுத்தவரை எனக்கு அழைப்பு, அதாவது கர்த்தர் என்னைக் கூப்பிட்ட வேலை, அந்தத் திண்ணையில்தான். உங்கள் கருத்து என்ன?

உபதேசியார் பேரன்:
தம்பி, நீங்கள் செய்வது நல்ல காரியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'அழைப்பு' என்று பெயர் வைக்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊர்ச் சபை நிலவரத்தைச் சொல்கிறேன். படித்தவர்கள் எல்லாம் சென்னை, பெங்களூரு, துபாய். ஐயருக்கு, எங்கள் போதகரைத்தான் சொல்கிறேன், அவர் பொறுப்பில் உள்ள சேகரத்தில் பல சபைகள், எங்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறார். மற்ற ஞாயிறுகளில் ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்தான் எல்லாம். மணி அடிப்பதும் அவர், பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவர், பிரசங்கமும் அவர். பாடம் வாசிக்க ஆள் கூப்பிட்டால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள்.

"என் வேலையே எனக்கு ஊழியம்" என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் கமிட்டியை விடுவார்கள், அப்புறம் பாடகர் குழு, அப்புறம் ஞாயிறு ஆராதனை. கடைசியில் வருஷத்துக்கு ஒரு தடவை அசனத்துக்கு வந்து பந்தியில் உட்காருவார்கள். சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்வது கடமை. அதற்கு அழைப்பு என்று கிரீடம் வைக்க வேண்டாம்.

டெய்சி டீச்சர்:
ஐயரும் சம்பளம் வாங்குகிறார், உபதேசியாரும் வாங்குகிறார். அதனால் அவர்கள் செய்வது வெறும் கடமையாகிவிடுமா?

நான் பாளையங்கோட்டையில் படித்து, பணியில் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். வேதத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டான் என்று யாத்திராகமம் 31-இல் யாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறது? ஆசாரியனைப் பற்றி இல்லை. பெசலெயேலைப் பற்றி. பொன், வெள்ளி, வெண்கலம், மரம், கல் எல்லாவற்றிலும் வேலை செய்யத் தெரிந்த கைவினைக்காரன். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார். தொற்காள் செத்தபோது விதவைகள் பேதுருவிடம் அவள் தைத்துக் கொடுத்த துணிமணிகளைத்தான் எடுத்துக் காட்டி அழுதார்கள். அவள் எந்தச் சங்கத்தில் செயலாளராக இருந்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

உபதேசியார் பேரன்:
அக்கா, பெசலெயேல் செய்தது ஆசரிப்புக் கூடாரம். அதுவும் ஆலய வேலைதானே! அந்த உதாரணம் என் பக்கம்தான் வருகிறது.

அப்போஸ்தலர் 6-ஐயும் பாருங்கள். பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது சபை, கைகளை வைத்து ஜெபித்தது அப்போஸ்தலர். அவர்களாகவே போய் ஒரு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு இதுதான் அழைப்பு" என்று அறிவிக்கவில்லை. சபை அனுப்ப வேண்டும். தானே தன்னை அனுப்பிக்கொள்வது அழைப்பு அல்ல, விருப்பம்.

எழும்பிப் பிரகாசி:
பிரைஸ் த லார்ட். கருமேனி பிரதரிடம் ஒரு கேள்வி. மனு எழுத வருகிறவர்களுக்குச் சுவிசேஷம் சொல்கிறீர்களா? ஒரு கைப்பிரதியாவது கொடுக்கிறீர்களா? அது இல்லாவிட்டால் ரோட்டரி சங்கமும் இதையே செய்யுமே. இதில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது? நாங்கள் ஐ.டி. கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெபக்கூட்டம் வைத்திருக்கிறோம். எனக்குத் தெரிந்து வேலையிடத்தில் அழைப்பு என்றால் அதுதான்.

கருமேனி:
பிரதர், நான் அரசாங்க ஊழியன். வருகிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. அந்த அம்மாவின் உதவித்தொகை என் அறிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நான் ஒரு கைப்பிரதியை நீட்டினால் அவர்கள் வாங்கத்தான் செய்வார்கள், இரண்டு கையாலும் வாங்குவார்கள். வேறு வழி இல்லாதவரிடம் கொடுப்பதும் லஞ்சம் வாங்குவதும் எனக்கு ஒரே மாதிரிதான் படுகிறது. இரண்டிலும் நாற்காலியின் பலத்தைத்தான் பயன்படுத்துகிறேன். ஆலய வராந்தாவில் உட்காராமல் நூலகத் திண்ணைக்குப் போனதும் இதற்காகத்தான்.

லூக்கா 3-ஐப் பாருங்கள். ஆயக்காரர், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று யோவான் ஸ்நானகனிடம் கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வா என்றா சொன்னார்? விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகர் கேட்டபோதும் ஒருவரையும் இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதும் என்று இரு என்றார். வருவாய்த் துறைக்காரனுக்கு இதைவிட நேரடியாக ஒரு வசனம் வேண்டுமா!

உபதேசியார் பேரன்:
மத்தேயு ஆயத்துறையை விட்டு எழுந்து போனாரே, அதை மறந்துவிட்டீர்களே தம்பி.

டெய்சி டீச்சர்:
சகேயுவும் ஆயக்காரன்தான், அவனை யாரும் வேலையை விட்டு வரச் சொல்லவில்லையே. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். அன்றைக்கே இரட்சிப்பு அவன் வீட்டுக்கு வந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே ஆள் இருக்கிறார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சி பக்கம் குளத்தூரில் பிறந்தவர், கத்தோலிக்கர், மாயவரத்தில் முன்சீப். நாவல் எழுதினார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862-இல் புத்தகமாகப் போட்டார் என்பது பலருக்குத் தெரியாது. வழக்குக்காரனுக்குத் தன் வழக்கு விளங்கட்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பொருளை எல்லாம் கஞ்சித் தொட்டிக்குக் கொடுத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் போற்றிப் பாடினார். அவர் சாமியாராகப் போகவில்லை. நீதிமன்றத்தில்தான் இருந்தார்.

உபதேசியார் பேரன்:
வேதநாயகம் பிள்ளையை மறுக்கவில்லை அக்கா. ஆனால் நூற்றில் ஒருவரைக் காட்டி மிச்சப் பேருக்கு விடுமுறைச் சீட்டு எழுதிக் கொடுக்கிறீர்கள். அசரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாளன்விளைக்காரர். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்தபோது அதில் முன்னே நின்றவர். அதற்குக் காசு எங்கிருந்து வந்தது? நம் கிராமத்துச் சபைகளில் பெண்கள் உலையில் போடும் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்தார்களே, அந்த மாதிரிக் காணிக்கையில் இருந்து வந்தது. சபை செத்தால் எந்த அழைப்பும் நிற்காது.

டெய்சி டீச்சர்:
1903-இல் அசரியா குருவானவர் இல்லை தம்பி. ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர். குருப்பட்டம் 1909-இல்தான், 1912-இல் தோர்ணக்கல் பேராயர். நீங்கள் சொல்லும் அந்த வேலையை அவர் சபைவிசுவாசியாகத்தான் ஆரம்பித்தார்.

ஐடா ஸ்கடர் கதையும் அப்படித்தான். மிஷனெரிக் குடும்பம், ஆனால் தான் மிஷனெரி ஆகப்போவதில்லை என்று உறுதியாக இருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள், மூன்று சாதி சமயம், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக வந்து நின்றார்கள். ஆண் டாக்டரை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து வந்து 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார். அவருக்கு அழைப்பு பிரசங்க பீடத்திலிருந்தா வந்தது? வாசற்படியில் வந்து நின்றது.

உபதேசியார் பேரன்:
அவரையும் மிஷன்தான் அனுப்பியது. இன்றைக்கும் அவர் ஆரம்பித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) சபைகளின் பரிந்துரையில் சேரும் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் மிஷன் ஆஸ்பத்திரிகளில் கொஞ்ச காலம் வேலை செய்ய எழுதிக் கொடுக்கிறார்கள். அனுப்புகிற சபை, போகிற ஆள் என்ற கயிறு அறுந்துவிடவில்லை. நான் கேட்பதும் அந்தக் கயிறுதான்.

தங்கவயல் சாம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். முன்சீப், டாக்டர், டீச்சர், வி.ஏ.ஓ., ஐ.டி. கம்பெனி. அழைப்பு எல்லாம் நாற்காலி உள்ள வேலைகளுக்கு மட்டும்தான் வருமா?

என் தாத்தா கோலார் தங்கவயலில் தொழிலாளர் குடியிருப்பின் எடுப்புக் கக்கூஸ் சுத்தம் செய்தவர். விடியும் முன்னே வாளியும் தகரமும் எடுத்துக்கொண்டு போவார், ஞாயிறு வெள்ளை வேட்டி கட்டிச் சபைக்கு வருவார். சபையில் ஒரு போதகர் அவருக்கு 1 கொரிந்தியர் 7-ஐ எடுத்துக் காட்டி, அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன் என்று ஆறுதல் சொன்னாராம். ஆறுதலா அது? 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்தோமே, அதே சரக்குக்கு வேத வசனத்தில் மேலுறை போட்டால் விட்டுவிடலாமா? "உன் வேலையே உன் அழைப்பு" என்பதை இந்த நாட்டில் சாதியைப் பற்றிப் பேசாமல் சொல்லக் கூடாது.

டெய்சி டீச்சர்:
சாம், நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் போதகர் அடுத்த வசனத்தை வாசிக்கவில்லை. விடுதலையாகக் கூடுமானால் அதை ஏற்றுக்கொள் என்று அங்கேயே இருக்கிறது.

தங்கவயல் சாம்:
வாசிக்கவில்லை என்பதுதான் என் பிரச்சினையே டீச்சர். எங்கள் தங்கவயலில் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் கட்டினார், எடுப்புக் கக்கூஸ்களை இடிக்க வைத்தார், உச்ச நீதிமன்றம் வரை போனார். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டத்துக்குப் பின்னால் அந்த இயக்கத்தின் உழைப்பு இருக்கிறது. 2016-இல் மகசேசே விருது கிடைத்தது. சில வேலைகளுக்கு அழைப்பு என்றால் அந்த வேலையை ஒழிப்பதுதான். இதை எந்த ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அப்படிச் சொல்லிக் கொடுக்கிற பள்ளி என்றால் கருமேனி அதை விடவே கூடாது என்று நானே சொல்வேன்.

எழும்பிப் பிரகாசி:
அரசியல் பேசினால் விவாதம் திசை மாறும் பிரதர். ஆத்தும ஆதாயம்தான் முக்கியம்.

தங்கவயல் சாம்:
என் தாத்தாவுக்கு ஆத்துமா மட்டும் இல்லை, மூக்கும் இருந்தது.

உபதேசியார் பேரன்:
சாம் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, மறுக்கவும் போவதில்லை. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் பலம். வேலையை வைத்து அழைப்பை அளந்தால் வி.ஏ.ஓ. ஒரு படி மேலே, துப்புரவுக்காரர் ஒரு படி கீழே. சபையில் திருவிருந்துக்கு முழங்காற்படியிடும்போதாவது இரண்டு பேரும் ஒரே வரிசை. சரி, எல்லாச் சபையிலும் அப்படி இருந்ததா என்று கேட்பீர்கள். தனி வரிசை, தனிக் கல்லறைத் தோட்டம் எல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் அதைக் கேள்வி கேட்க ஓர் இடமாவது சபையில் இருக்கிறது.

கருமேனி தம்பி, நேராகக் கேட்கிறேன். நீங்கள் விட்ட ஓய்வுநாள் பள்ளியை இப்போது யார் எடுக்கிறார்கள்?

கருமேனி:
கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கச்சி. நன்றாகவே எடுக்கிறாள். நான் பத்துக் கட்டளையை ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தேன், அவள் பிள்ளைகளை நடிக்க வைக்கிறாள். நான் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவரை அவளை யாரும் கேட்கவே இல்லை. கமிட்டிப் பெரியவர்கள் 'ஆள் இல்லை' என்று சொல்வதில் பாதி, பெண்களையும் சின்னப் பிள்ளைகளையும் ஆளாக எண்ணாததால் வருவது.

ஞாயிறு காலை ஆராதனைக்கு நான் தவறாமல் போகிறேன், பாட்டும் பாடுகிறேன். கயிறு அறுந்துவிடவில்லை. ஆனால் அண்ணன், நீங்கள் சொன்ன 'சபை அனுப்ப வேண்டும்' என்பது என் மனதில் நிற்கிறது. எங்கள் சபையில் மிஷனெரிகளுக்கு ஜெபம் உண்டு, வெளிநாடு போகிறவருக்கு ஜெபம் உண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து ஜெபிப்பதும் உண்டு. தாலுகா ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறவனுக்காக ஒரு நாளும் ஜெபித்ததில்லை. அனுப்பினால் போக மாட்டேன் என்றா சொன்னேன்?

உபதேசியார் பேரன்:
அந்தப் பெண் விஷயம் நியாயம். எங்கள் ஊரிலும் கேட்டுப் பார்க்கிறேன்.

ஜெபத்தைப் பற்றி உங்கள் ஐயரிடம் நீங்களே பேசுங்கள். ஆனால் டி.சி. (பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் மன்றம்) தேர்தல் முடிந்த பிறகு பேசுங்கள். இப்போது பீடத்துக்கு முன்னால் போய் நின்றால் எந்த அணிக்கு ஓட்டுச் சேர்க்கிறான் என்றுதான் பேசுவார்கள். அழைப்பு என்ற சொல்லுக்கு நான் இன்னும் உடன்படவில்லை, அது வேறு.

எழும்பிப் பிரகாசி:
பிரதர், ஒரு சந்தேகம். என் பெரியம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும் இருக்கிறது, தேதி இல்லை. முதியோர் உதவித்தொகைக்குப் போட்டால் பிரச்சினை வருமா?

கருமேனி:
வருஷம் மட்டும் இருப்பதற்காகவே பெரும்பாலும் தள்ளிவிட மாட்டார்கள், ஆனால் குடும்ப அட்டையில் அதே வருஷம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வங்கிக் கணக்கு அவர்கள் பெயரில் தனியாக இருக்கட்டும். பெரியம்மா எந்தத் தாலுகா என்று தனிமடலில் சொல்லுங்கள்.