சம்பளக் கவரை வாங்கக் கை கூசுகிறது

பழைய கடைக்காரர்: பாரிமுனையில் 18 வருடம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தேன். கடனில் கடை, கார், அண்ணா நகர் ஃப்ளாட் எல்லாம் போயிற்று. இப்போது கொளத்தூரில் வாடகை வீடு. மனைவி தி.நகர் ஜவுளிக்கடையில் சேல்ஸ். மூன்று பேருக்குச் சம்பளம் போட்ட நான் குக்கர் விசில் எண்ணுகிறேன். அதுகூடப் பழகிவிட்டது (ரசம் மட்டும் இன்னும் புளித்தண்ணிதான்). ஆனால் சம்பளக் கவரைப் பிரிக்காமல் என் கையில் கொடுக்கிறாள். வாங்கக் கூசுகிறது. வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகிறது. என்ன செய்ய?

பெரம்பூர் அக்கா: எங்க வீட்டிலும் இதே கதைதான் தம்பி. அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் ஒரு டப்பா வெச்சோம். சம்பளம் நேரா அதில் போகும். யார் எடுத்தாலும் நோட்டில் எழுதணும். அவரும் எழுதுவார், நானும் எழுதுவேன்.

மாம்பலம்வாசி: கவர் கிடக்கட்டும் சார். நாள் பூரா நின்னுட்டு வர்றாங்களே, காலைப் பார்த்தீங்களா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும்னு 2021லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தாச்சு.

பழைய கடைக்காரர்: கேட்டேன். ஸ்டூல் இருக்காம், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பாராம். நேற்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். காலை வாளியில் விட்டபடியே தூங்கிவிட்டாள். ஹார்லிக்ஸ் டப்பா ஒன்று கழுவிக் காயவைத்திருக்கிறேன் அக்கா.