மறு: விம்மில் பழைய, புதிய தொடரியல் இரண்டும் சேர்ந்து இயங்குவதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். விம் என்ற உரைத்திருத்திக்கு விம் ஸ்கிரிப்ட் என்ற சொந்த நிரல்மொழி உண்டு. அதை எழுதும் விதிகள், அதாவது தொடரியல், இரண்டு: பழையது ('லெகஸி'), 9.0 பதிப்பில் வந்த 'விம்9'. இவற்றைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு வந்த முன்மொழிவுகளை மேற்கோளிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

> லெகஸி சின்டாக்ஸ் = மரபுத் தொடரியல். மரபுக்கவிதை, புதுக்கவிதை போல உடனே புரியும்.

பொருள் நன்றாகவே பொருந்துகிறது. மரபுக்கவிதையை இன்றும் எழுதுகிறார்கள். விம்மின் பழைய தொடரியலையும் யாரும் கைவிடவில்லை. 2022 ஜூனில் 9.0 வந்தபோது, ஏற்கெனவே எழுதிய நிரல்கள் அப்படியே ஓட வேண்டும் என்பதில் விம்மை உருவாக்கிய பிராம் மோலெனார் உறுதியாக இருந்தார். விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் திருத்தி விம்9 தொடரியலை ஏற்பதில்லை. அதனால் இரண்டு திருத்திகளிலும் ஓடும் செருகுநிரலை விம் ஸ்கிரிப்டில் எழுதுபவர் இன்றும் பழையதைத்தான் நாடுகிறார். 'வழக்கொழிந்த தொடரியல்', 'பழந்தொடரியல்' இரண்டும் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் 'மரபு' வேறோர் இடத்தில் இடிக்கிறது. 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பு இனக்குழுக்களையும் (கிளாஸ்) பொருள்களையும் (ஆப்ஜெக்ட்) கொண்டுவந்தது. நம் பள்ளிப் பாடநூல்களில் இன்ஹெரிட்டன்ஸ் 'மரபுரிமம்'. ஒரே கையேட்டில் 'மரபுச் செயற்கூறு' (லெகஸி ஃபங்ஷன்) என்று படிக்கும் மாணவர், தாய் இனக்குழுவிலிருந்து வந்த செயற்கூறு என்றே எடுத்துக்கொள்வார். அவர் மீது குறை சொல்ல முடியாது.

என் பரிந்துரை 'முன்னை'. முன்னைத் தொடரியல், முன்னைக் கட்டளை, முன்னைச் செயற்கூறு. காலத்தால் முந்தியது என்பதோடு சொல் நின்றுவிடுகிறது. செத்ததா, உயிரோடு இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரே ஒரு கட்டளையை மட்டும் பழைய முறையில் ஓட்ட அதன் முன்னால் 'லெகஸி' என்று எழுதுகிறோமே, அதை விளக்கும் இடத்திலும் இந்தக் குறுஞ்சொல் அடங்கும். எதிர்ப்பக்கத்துக்குப் 'புது' வேண்டாம், பத்து ஆண்டில் அதுவும் பழையதாகிவிடும். 'விம்9 தொடரியல்' போதும்.

> இரண்டும் சேர்ந்திருப்பதற்குத் 'தொடரியல் மயக்கம்' எனலாம். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் எல்லாம் இலக்கணத்தில் உண்டு.

இலக்கணம் படித்தவருக்கு இனிக்கும். ஆனால் இங்கே நடப்பது மயக்கமே அல்ல. முன்னைத் தொடரியலில் இரட்டை மேற்கோள் குறி குறிப்புரையைத் தொடங்கும். விம்9-இல் அதே வேலையை ஹாஷ் குறி செய்கிறது, மேற்கோள் குறி சரத்துக்கு (ஸ்ட்ரிங்) மட்டும். ஒரே வரிக்கு இரண்டு பொருள் வந்துவிடும் என்பதால், எந்த விதிப்படி படிப்பது என்பது விம்முக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். ஆகவே எல்லைகள் கண்டிப்பானவை. கோப்பின் முதல் கட்டளை 'விம்9ஸ்கிரிப்ட்' என்றால் கோப்பு புதிய விதியில் ஓடும். அதற்குள் 'ஃபங்ஷன்' என்று தொடங்கும் செயற்கூறின் உடல் மட்டும் பழைய விதியில். பழைய கோப்புக்குள் 'டெஃப்' என்று தொடங்கும் செயற்கூறு எழுதினால் அதன் உடல் புதிய விதியில். இந்த டெஃப் உடல்தான் ஒருமுறை நிரல்பெயர்ப்பாகி (கம்பைல்), பிறகு வரிவரியாக மீண்டும் அலசப்படாமல் ஓடுகிறது. 9.0 வெளியீட்டில் சொன்ன 10 முதல் 100 மடங்கு வேகம் அங்கிருந்துதான் வருகிறது. கலந்துவிட்டால் அந்த ஆதாயமே இல்லை.

'ஒத்திசைவு' என்ற சொல்லையும் ஒருவர் முன்வைத்திருந்தார். அது சிங்க் என்பதற்கு நிலைத்துவிட்டது, தொட வேண்டாம்.

எனவே 'தொடரியல் உடனிருப்பு'. ஒரே கூரை, தனித்தனி அறை என்ற பொருள் அதில் தானாக வருகிறது. பழைய விம்மிலும் ஓட வேண்டிய கோப்பில், விம்9 வசதி இல்லையென்றால் முதல் பகுதியை ஓட்டி 'ஃபினிஷ்' கொடுத்து வெளியேறும் முறைக்கும் இது பொருந்துகிறது: இரண்டும் ஒரு கோப்பில் இருக்கின்றன, ஓடுவது ஒன்றுதான். இவ்வாறு எழுதிய கோப்பை 'இருதொடரியல் கோப்பு' எனலாம்.

பிழைச்செய்தியில் வைத்துப் பார்த்தேன். பிழை எண் இ1126: "விம்9 தொடரியலில் லெட் கட்டளை செல்லாது." அதை ஒட்டிய உதவிக்குறிப்பு: "லெட் முன்னைத் தொடரியலுக்கு உரியது; இங்கு வார் கொண்டு மாறியை அறிவிக்கவும்." எனக்கு உறுத்தவில்லை. இலங்கை நண்பர்கள் 'முன்னை'யைப் படிக்கும்போது தடுக்குகிறதா என்று சொன்னால், கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.