காரணம் தெரியாத வலி: உள்ளே கிருமி ஒளிந்திருக்கிறதா?

அகிலன்
ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல், வலி மட்டும் போகவில்லை. உடனே 'மன அழுத்தம்' என்கிறார்கள். அல்சருக்கும் ஒரு காலத்தில் இதைத்தான் சொன்னார்கள். அதற்குக் கிருமிதான் காரணம் என்று காட்ட, 1984இல் மருத்துவர் பாரி மார்ஷல் ஹெலிகோபேக்டர் என்ற வயிற்றுக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005இல் நோபல் வந்தது. முதுகுவலியிலும் ஆதாரம் உண்டு. 2013இல் டென்மார்க்கில், எம்.ஆர்.ஐ.யில் மோடிக் 1 மாற்றம் (தட்டை ஒட்டிய முதுகெலும்பில் தெரியும் வீக்கம் போன்ற மாற்றம்) தெரிந்த 162 பேரை வைத்து ஆய்வு நடந்தது. 100 நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது.

மீனா
அடுத்த பாகத்தை விட்டுவிட்டீர்களே! அதையே நார்வேயில் 180 பேரிடம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். முதுகுவலியால் வரும் இயலாமையை அளக்கும் 24 புள்ளி அளவுகோலில், ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் கிடைத்த வித்தியாசம் 1.6. குறைந்தது 4 இருந்தால்தான் பலன் என்று முன்கூட்டியே வரையறுத்திருந்தார்கள். தவிர, முதுகெலும்புத் தட்டில் (டிஸ்க்) கண்டதாகச் சொல்லும் பாக்டீரியா எல்லோருடைய தோலிலும் இருப்பது. அறுவை சிகிச்சையின்போது மாதிரியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அகிலன்
மோடிக் 1 உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 2.3.

மீனா
அதுவும் 4 இல்லை.

அகிலன்
சரி, முதுகை விடுங்கள். சின்னம்மை வைரஸ் பல வருடம் நரம்பு முடிச்சில் தூங்கிவிட்டு அக்கியாக எழுகிறது. கொப்புளம் ஆறியும் வலி நிற்பதில்லை. சிக்குன்குனியா மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கிறது. இவையும் கற்பனையா?

மீனா
கற்பனை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அக்கிக்குப் பிந்தைய வலி சிதைந்த நரம்பின் வலி. அதற்குத் தருவது நரம்பு வலி மருந்து, வைரஸ் மருந்து அல்ல. கிருமி வலியைத் தொடங்கிவைத்தது என்பது வேறு, இன்னும் உயிரோடிருந்து வலிக்கவைக்கிறது என்பது வேறு.

சுந்தர்
குறுக்கிடுகிறேன். உடம்பு முழுக்க வலி, ஃபைப்ரோமயால்ஜியா என்றார்கள். 'மறைந்திருக்கும் லைம்' (உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா நோய்) என்று சொல்லி ஒருவர் நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எழுதித் தந்திருக்கிறார். எடுக்கலாமா?

மீனா
வேறொரு மருத்துவரிடம் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். லைமுக்குப் பிறகும் தொல்லை நீடித்த 280 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2016இல் வந்தது. 12 வாரம் கூடுதலாக ஆன்டிபயாடிக் கொடுத்தும் தனிப் பலன் இல்லை. குடல் கெட்டு, விடாத வயிற்றுப்போக்கு வரும் ஆபத்து தனி. காய்ச்சல், எடை குறைவு, இரவில் எழுப்பும் வலி இருந்தால் மட்டும், தொற்று இருக்கிறதா என்று அந்த மருத்துவரிடமே அழுத்திக் கேளுங்கள். முதுகெலும்புக் காசநோய் போன்ற நிஜத் தொற்றுகளும் உண்டு.

அகிலன்
ஆன்டிபயாடிக் விஷயத்தில் மீனா சொல்வதைக் கேளுங்கள் சுந்தர். ஆனால் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளின் ஆன்டிபாடியை (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதத்தை) எலிக்குச் செலுத்தியதும், எலி அழுத்தத்துக்கும் குளிருக்கும் துடித்தது. 2021இல் வந்த ஆய்வு. அந்த ஆன்டிபாடியை உடம்பு எதை எதிர்த்து உண்டாக்கியது மீனா?

மீனா
கிருமி என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

அகிலன்
இல்லை என்றும் சொல்லவில்லை.